தர்மத்துக்கு விலை குறைத்தவர்

நல்லேப்பிள்ளி ஊர்க் குப்பண்ணனிடம் ஓர் எண்ணைச் சொன்னவர்கள் யாரும் அந்த எண்ணோடு திரும்பிப் போனதில்லை. சித்தூர் டாக்டர் நாளைக்கு மூன்று மாத்திரை என்றால் இவர் இரண்டுக்குப் பேசி முடிப்பார். ஏழரைச் சனி விலக இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று சொன்ன ஜோசியரிடம் அரை நாள் உட்கார்ந்து அதை ஒன்றேகாலுக்குக் கொண்டுவந்தார். ஒன்றேகால் வருஷம் கழிந்ததும் சனி போய்விட்டது என்றே நடமாடினார். சனிக்கும் வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது, போய்விட்டது.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவர் தரகர். அங்கே விலையை வாயால் சொல்லுவது மரியாதை இல்லை. விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், விரலை மடக்கிக் குறைப்பார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டுமே தெரியும். குப்பண்ணன் எப்போதும் வாங்குகிறவர் பக்கம்தான். கண்ணை ஆகாயத்தில் எங்கேயோ வைத்துக்கொண்டு எதிராளியின் விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே போவார். அவரிடம் கை கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் தன் விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வான் என்று சந்தையில் கேலி செய்வார்கள்.

இந்த வியாபாரத்தில் காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, சாட்சியும் கிடையாது. விரல் பிடித்தால் பிடித்ததுதான். பிடித்த பேச்சை மாற்றுகிற தரகருக்கு யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அடுத்த வாரம் அவர் துண்டை விரித்தால் அதற்குள் யாரும் கையை விட மாட்டார்கள், அவ்வளவே. அப்படி ஆன ஒரு ஆள் சந்தை வாசலில் தாம்புக் கயிறு விற்றுக்கொண்டிருந்தார். குப்பண்ணன் போகும்போதும் வரும்போதும் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். மரியாதைக்கு அல்ல, பயத்தில்.

ஊரில் அவர் விலை குறைக்க முடியாத ஒரே ஆள் அவருடைய மனைவி காளியாத்தாள். காரணம் எளிது. அவள் எண்ணே சொல்ல மாட்டாள். எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால்தானே குறைக்கலாம்? அவள் கேட்க மாட்டாள், வைப்பாள்.

எழுபத்துமூன்றாம் வருஷத்து மழையில் காளியாத்தாள் வரப்பில் வழுக்கி விழுந்து கால் எலும்பை உடைத்துக்கொண்டாள். ஓடையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. குப்பண்ணன் ஊரில் இல்லை. அவருடைய வண்டியும், மயிலை, செவலை என்று அவர் உயிரை வைத்திருந்த இரண்டு காளைகளும் அவரோடு வேலந்தாவளத்தில் நின்றன. அவர் அங்கே யாருடைய கிடாரிக்கோ விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஆகவே நாலு பேர் கயிற்றுக் கட்டிலில் அவளைப் போட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பாதி வழியில் அந்த நாலு பேருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. கால் முன்னால் போனால் அது பிணத்தைத் தூக்குகிற முறை ஆயிற்றே, இப்போது எது முன்னால் போகிறது? கட்டிலைக் கொட்டுகிற மழையில் இறக்கி வைத்துவிட்டு வாதம் பண்ணினார்கள். தலை முன்னால் போனால் ஆளுக்குத் தலை சுற்றும் என்றார் ஒருவர். குறுக்கே தூக்கலாம் என்றார் இன்னொருவர். குறுக்கே தூக்கினால் பாலத்தில் நுழையாது என்று மூன்றாமவர் அளந்தே காட்டினார்.

கட்டிலில் இருந்து காளியாத்தாள் குரல் வந்தது. "நான் இன்னும் சாவலீங்க. எந்தப் பக்கமா வேணாத் தூக்குங்க. ஆனாத் தூக்குங்க."

போய்ச் சேர நேரமாகிவிட்டது. எலும்பு கொஞ்சம் கோணலாகவே கூடியது. அன்றிலிருந்து அவள் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். குப்பண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் நடந்து வருவது கேட்டால் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். அந்த வீட்டு மாடுகளைப் போலத் தண்ணீர் குடித்த மாடுகள் பாலக்காட்டுப் பக்கத்தில் கிடையாது.

இந்தச் சம்பவத்தால்தான் ஊருக்குத் தர்ம சிந்தனை பிறந்தது. ராத்திரி பகல் எப்போதும் மாடுகளோடு தயாராக நிற்கிற ஒரு வண்டி வேண்டும், சீக்காளி யாராக இருந்தாலும் சும்மா ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேச்சு எழுந்தது. தர்ம வண்டி என்று பேரும் வைத்தாயிற்று. பேர் வைத்தபின் கமிட்டி இல்லாமல் இருக்குமா? ஊரிலேயே அதிக வயலும் அதைவிட அதிகக் குரலும் உள்ள ரத்தினசாமி தலைவர். கூட்டுறவு சொசைட்டியில் கணக்குப் பார்க்கிற பிச்சைமணி காரியதரிசி. அவன் தினமும் பேப்பர் படிக்கிறவன், ஆகவே எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் தெரிந்தவன். காளிச்சாமி என்பவர் கமிட்டியில் யாரும் சேர்க்காமலே இருந்தார். கையை இறுக்கி மூடிக்கொண்டு பிறந்த குழந்தை அதைத் திறக்க மறந்துவிட்டது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எந்தக் கூட்டம் நடந்தாலும் வந்து முன்வரிசையில் உட்காருவார், எதிர்த்துப் பேசுவார், சாயா கொடுத்தால் குடித்துவிட்டுப் போவார்.

சொசைட்டி குடோன் வாசலில் கமிட்டி கூடிப் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் நாலு வண்டிப் பாரம் வரும். வண்டிதான் வரவில்லை. முதல் பிரச்சினை, யாரை ஏற்றலாம். குடித்துவிட்டு விழுந்தவனை ஏற்றலாமா? அது தர்மத்தைக் கள்ளுக்கடைக்குத் தூக்கிக் கொடுப்பது போல ஆகும் என்றார் ரத்தினசாமி. விழுந்தவன் விழுந்தவன்தானே என்றான் பிச்சைமணி. கடைசியில் பாதி வழி வரைக்கும் ஏற்றலாம், அதற்குள் தெளிந்துவிடும் என்று முடிவானது. தேங்காய் திருடப் போன இடத்தில் பாம்பு கடித்தவனை ஏற்றலாமா என்று அடுத்து ஒருவர் கேட்டார். அவனை ஏற்றலாம், தேங்காயை ஏற்றக் கூடாது என்று தீர்ப்பானது.

காளிச்சாமிக்கு வண்டியே பிடிக்கவில்லை. "நான் குடை வாங்குன வருசந்தான் மழை வெளுத்து வாங்குச்சு," என்றார். "வண்டி வாங்கி நிறுத்துனீங்கன்னா ஊருக்கே சீக்கு வருமுங்க." ஊரில் பாதிப் பேர் இதைக் கேட்டு யோசனையில் ஆழ்ந்தார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய சண்டை வந்தது வசூலில். ரத்தினசாமி திட்டம் ஒன்று வைத்திருந்தார். கொடுக்கிறவர் பேரையெல்லாம் வண்டியில் எழுதுவது, நிறையக் கொடுத்தால் பெரிய எழுத்து, குறையக் கொடுத்தால் சின்ன எழுத்து. பிச்சைமணி இதைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டான். பேருக்காகக் கொடுப்பது தர்மம் ஆகாது, விளம்பரம்தான். மைக்கில் பேரையும் தொகையையும் வாசித்தால் இல்லாதவர்கள் கூசிப்போய் ஒதுங்குவார்கள், இருப்பவர்கள் போட்டிக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் நழுவுவார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"பேரு எழுதலீன்னா எவன் குடுப்பான்?" என்று ரத்தினசாமி கேட்டார். அவர் நேர்மையாகவே கேட்டார். அவருக்கு அப்படி ஒரு மனிதனைக் கற்பனை பண்ண முடியவில்லை.

கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்து பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்த குப்பண்ணன் அப்போது வாயைத் திறந்தார். "துண்டு இருக்குதுங்களே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், துண்டு இருக்கிறது. அறுப்பு முடிந்து நெல் வீடு சேர்ந்ததும், ஒவ்வொருவரும் துண்டுக்குள் கையை விட்டு எத்தனை பறை நெல் அளந்து தருவார் என்று விரலால் சொல்லட்டும். பிடிக்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது. இல்லாதவருக்கு வெட்கம் இல்லை, இருப்பவருக்குப் போட்டி இல்லை, விரல் பிடித்ததால் நழுவவும் முடியாது. பிச்சைமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை பேப்பர் படித்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்றான். துண்டு பிடிக்க ஊரில் குப்பண்ணனைவிட யார் இருக்கிறார்கள்?

அந்தக் கேள்வியை ஊர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

மாசியில் நெல் வந்தது. குடோன் வாசலில் குப்பண்ணன் புதுத் துண்டோடு நின்றார். தர்ம காரியம் என்று குளித்து, திருநீறு பூசி, காலையில் இருந்து பீடிகூடக் குடிக்காமல் இருந்தார். முதலில் தலைவர் ரத்தினசாமி கையை உள்ளே விட்டார். பேர் எழுதாவிட்டாலும் குப்பண்ணனுக்காவது தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அறுபது பறை என்று விரல் கொடுத்தார்.

குப்பண்ணன் கண் ஆகாயத்துக்குப் போயிற்று. அறுபது என்று ஓர் எண் கைக்கு வந்ததும் அவர் விரல்கள் அவரைக் கேட்கவில்லை. முப்பது வருஷமாகச் செய்த வேலையைச் செய்தன. ஒரு விரலை மடக்கின. ரத்தினசாமி திகைத்தார். இன்னொரு விரலும் மடங்கியது. ரத்தினசாமி முகத்தில் முதலில் கோபமும், பிறகு குழப்பமும், கடைசியில் சந்தையில் நல்ல மாட்டைச் சகாய விலைக்குப் பிடித்தவனின் சிரிப்பும் வந்தன. நாற்பதில் முடிந்தது. துண்டை உதறும்போதுதான் குப்பண்ணனுக்குத் தான் செய்தது உறைத்தது. ஆனால் விரல் பிடித்தாயிற்று. அடுத்தவருக்காவது சும்மா இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அடுத்தவருக்கும் மடக்கினார், அதற்கு அடுத்தவருக்கும் மடக்கினார். பத்து என்றவர் ஆறோடு போனார், ஐந்து என்றவர் மூன்றோடு போனார். கொடுத்துவிட்டு வெளியே வந்த முகங்களில் அப்படி ஒரு மலர்ச்சி. தர்மம் பண்ணிய புண்ணியமும் கிடைத்தது, அதுவும் மலிவாகக் கிடைத்தது. விஷயம் வாய்வழி பரவாமலே முகவழி பரவியது. கோயில் திருவிழாவுக்கு வசூல் என்றால் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றார்கள். பக்கத்து ஊர்க்காரர் இருவர்கூட வந்து நின்றதாகச் சொல்கிறார்கள்.

பழனாத்தாள் என்ற கைம்பெண் மட்டும் மசியவில்லை. குத்தகைக்குக் கொஞ்சம் வயல் வைத்துத் தனியாகப் பாடுபடுகிறவள். அவள் ஒரு விரல் கொடுத்தாள். குப்பண்ணன் அதை அரையாக்கப் பார்த்தார். அவள் துண்டை உருவித் தரையில் போட்டுவிட்டாள்.

"என்ற தர்மத்துக்கு வெலை கொறைக்க நீ ஆரு?" என்றாள். "ஒரு பறைன்னா ஒரு பறைதான்."

ரகசியம் போனதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. குப்பண்ணன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்.

சாயங்காலம் கூட்டம் கலைகிற நேரத்தில் காளிச்சாமி வந்தார். அவர் வந்ததே ஊருக்கு அதிசயம். நாள் முழுவதும் எதிர்ச் சாயாக்கடையில் உட்கார்ந்து வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஒரு விரல் கொடுத்தார். குப்பண்ணன் அரையாக்கினார். காளிச்சாமி எதிர்க்கவே இல்லை. கால் ஆக்கினார், அதற்கும் எதிர்ப்பு இல்லை. பிறகு ஒன்றுமே இல்லை என்று ஆனது. எதிர்ப்பே இல்லாத கையைக் குப்பண்ணன் அதுவரை பிடித்ததில்லை. களைப்பு வேறு. விரல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கீழே கீழே போயின. கடைசியில் ஒரு விரலைப் பிடித்து முடித்தபோது கமிட்டி காளிச்சாமிக்கு ஒரு வண்டி வைக்கோல் கொடுப்பதாக வியாபாரம் முடிந்திருந்தது.

பங்குனியில் குப்பண்ணன் தன் வண்டியைப் பூட்டி வீடு வீடாகப் போய் நெல்லை எடுத்துவந்தார். அதை விற்ற பணத்தில் ஆசாரி நல்ல வாகை மரத்தில் வண்டி செய்தார். கூண்டு கட்டினார்கள், உள்ளே படுக்க வசதியாகப் பலகை போட்டார்கள். பேர் எழுதுவது இல்லை என்று முடிவாகியிருந்தாலும், பின்னால் தேவைப்படலாம் என்று சொல்லி ரத்தினசாமி இரண்டு முழத்துக்கு வர்ணம் பூசாமல் இடம் விட்டு வைக்கச் சொன்னார். வண்டி குடோன் வாசலில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. மாடு வாங்க ஒன்றும் மிஞ்சவில்லை.

எப்படி மிஞ்சாமல் போகும் என்று கமிட்டி கூடிற்று. இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்களே என்று ரத்தினசாமி அதட்டினார். குப்பண்ணன் தலையைக் குனிந்து நின்றார். துண்டுக்குள் நடந்ததைச் சொல்லக் கூடாது என்பதும் சந்தைச் சட்டம்தான். அவர் உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்த நேரம் பார்த்துக் காளிச்சாமி எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. எனக்கு வரவேண்டிய வைக்கோலு எங்க?"

கூட்டத்துக்குப் புரியவில்லை. காளிச்சாமி பொறுமையாக விளக்கினார். அவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. கொடுக்க வந்தவனுக்கு நாம் கொடுக்க வேண்டுமா என்று ரத்தினசாமி கத்தினார். விரல் பிடித்தாயிற்று, நான் என்ன பண்ணட்டும் என்று காளிச்சாமி கையை விரித்தார். அவர் கையை விரித்து ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். எனக்கும் குறைத்தார், எனக்கும் குறைத்தார் என்று குடோன் வாசல் முழுக்க ஒரே குரல். அதில் ரத்தினசாமி குரல் மட்டும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிச்சைமணி குப்பண்ணனுக்காக வாதாடினான். நாலு பெரிய மனிதர் நிறையக் கொடுப்பது பெரிசா, நானூறு பேர் சந்தோஷமாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது பெரிசா? இந்த ஊரில் தர்மத்துக்கு வரிசை நின்றதை யாராவது கண்டதுண்டா? காளிச்சாமி அவனை முழு மனதோடு ஆதரித்தார். தர்மம் என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்றார். அடுத்த வசூல் எப்போது என்றும் கேட்டார். அன்றிலிருந்து அந்த ஊரில் தர்மத்தின் மகிமையைப் பற்றி அவரைப் போலப் பேசிய ஆள் இல்லை.

ஆனால் பேச்சால் வண்டி நகருமா? ரத்தினசாமி முடிவாகச் சொன்னார். "குப்பண்ணா, வைகாசியில எறங்கற இடவப்பாதி மழைக்கு முந்தி ஊடு ஊடாப் போயி, நீ விட்டதையெல்லாம் கேட்டு வாங்கோணும். இல்லீன்னா வண்டிய வித்துப்போட்டு அவங்கவங்க குடுத்ததத் திருப்பிக் குடுத்தர்லாம்."

குப்பண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டால் விரல் பிடித்த பேச்சை மாற்றியதாகும். வேலந்தாவளம் சந்தை அவருக்கு அன்றோடு முடிந்தது. கயிறு விற்கிற ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு கடை போட வேண்டியதுதான். கேட்காவிட்டால் வண்டி போய்விடும். மறுபடி மழை வரும், மறுபடி யாரோ வழுக்கி விழுவார்கள், மறுபடி நாலு பேர் கட்டிலை இறக்கி வைத்துத் தலையா காலா என்று பேசுவார்கள். எந்தப் பக்கம் மடக்கினாலும் நஷ்டம். தன் வாழ்க்கையில் பேரம் பேச முடியாத ஒரு பேரத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. காளியாத்தாள் சோறு வைத்தாள். எவ்வளவு வைத்தாள் என்றுகூடப் பார்க்காமல் தின்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை மேற்கே இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள் கமிட்டி கடைசியாகக் கூடியது. வண்டியை வாங்க ஒரு ஆளும் வந்திருந்தார். சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பண்ணன் யார் வீட்டுக்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் எல்லோரும் தன்னை ஏசிக்கொள்ளலாம் என்று நடுவில் நின்றார். ஏசுவதற்கு ரத்தினசாமி மூச்சை இழுத்தபோது கூட்டம் வழிவிட்டது. காளியாத்தாள் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். மாட்டுச் சந்தைப் பேச்சில் பொம்பளைக்கு என்ன வேலை என்று யாரோ முணுமுணுத்தார்கள். இது சந்தை இல்லை, தர்மம் என்று பிச்சைமணி அவர்களை அடக்கினான்.

அவள் நேரே புருஷன் முன்னால் வந்து நின்றாள். "துண்டை விரியுங்க."

"எதுக்குப் புள்ள?"

"ஊரார் வெரலையெல்லாம் புடிச்சீங்க. உங்க வெரலை ஆரு புடிச்சாங்க?"

குப்பண்ணனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. எல்லோரிடமும் வாங்கியவர் தான் ஒன்றும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்தார். அவள் உள்ளே கை விட்டு அவருடைய இரண்டு விரலைப் பிடித்தாள்.

இரண்டு என்றால் என்ன என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்தது. மயிலையும் செவலையும். முப்பது வருஷத்துப் பழக்கம் சும்மா இருக்குமா? ஒரு விரலை மடக்கினார். அவள் அதைப் பிடித்து நிமிர்த்தினாள். மறுபடி மடக்கினார், மறுபடி நிமிர்த்தினாள். துண்டு மீன் விழுந்த வலை மாதிரித் துள்ளியது. ஒரு காளை மட்டும் கொடுத்தால் அது வண்டியை வட்டமாகத்தான் சுற்றும் என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் விரல் மடங்கியது. மூன்றாம் தடவை அவள் நிமிர்த்தவில்லை. விட்டுவிட்டுக் காத்திருந்தாள். காய்ப்பு ஏறிய அந்தக் கை அவர் கைக்குள் அப்படியே கிடந்தது.

இந்தக் கை அன்றைக்கு மழையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கும் என்று அவர் நினைத்தார். அப்போது தன் கை எங்கே இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தது இதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான். ஆகாயத்தைப் பார்க்காமல் முதல் தடவையாக எதிராளியின் முகத்தைப் பார்த்தார். மடக்கிய விரலைத் தானே நிமிர்த்தினார். பிறகு அவள் கையை எடுத்து மூன்று விரலில் வைத்து அழுத்தினார். பிறந்ததில் இருந்து அவர் ஒரு விலையை ஏற்றியது அதுதான்.

காளியாத்தாளுக்கே புரியவில்லை. "ஊட்டுல இருக்கறது ரெண்டுதானுங்க. மூணாவது ஏது?"

"நாந்தான் புள்ள," என்றார் குப்பண்ணன். "ஓட்டறதுக்கு ஆள் வேணுமல்ல. ராத்திரி பகல் இங்கயே கெடக்கறேன்."

வண்டி வாங்க வந்த ஆள் சக்கரத்தில் இருந்து கையை எடுத்துக்கொண்டார். காளியாத்தாள் துண்டை உதறவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டு சரிங்க," என்றாள். "மூணாவது வயசான மாடாட்ட இருக்குது. பல்லைப் பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

ரத்தினசாமி தொண்டையைக் கனைத்தார். "தானங் குடுத்த மாட்டப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க ஆத்தா."

"அது ஊரார் மாட்டுக்குங்க," என்றாள் காளியாத்தாள். "இது எங்க ஊட்டு மாடு."

குப்பண்ணன் ஊர் பார்க்க வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.